செய்து செய்து வந்த திறமைக்கு எந்த ஆங்கிலச் சொல்? ஆறு பெயரடைகளின் ஒப்பீடு

செவிலியர் ஒருவர் நோயாளியின் முழங்கை மடிப்பில் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டுகிறார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோலைத் தடவிப் பார்க்கிறார். மூன்றாவது தடவலில் விரல் நின்றுவிடுகிறது, அடுத்த நொடியில் ஊசி சரியான இடத்தில் இறங்கிவிடுகிறது. இதைத் தமிழில் ‘பழகிய கை’ என்று இரண்டே சொற்களில் எழுதிவிடலாம். அதே காட்சியை ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறவர் ‘பழகிய’ என்ற இடத்துக்கு வந்ததும் தயங்குகிறார். பிராக்டிஸ்ட், எக்ஸ்பீரியன்ஸ்ட், ஸ்கில்ட், புரொஃபிஷியன்ட், சீசன்ட், அடெப்ட் என்று ஆறு பெயரடைகளாவது வரிசையில் வந்து நிற்கின்றன. இருமொழி அகராதியைப் புரட்டினால் ‘தேர்ச்சி பெற்ற’, ‘அனுபவமுள்ள’, ‘திறமையான’ என்ற பொருள்களே ஆறுக்கும் மாறி மாறி வருகின்றன. அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்கள், தமிழ்க் கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளர்கள் ஆகிய மூவகையினரும் என்னிடம் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிற எனக்கு நாளடைவில் ஒன்று தெளிவாயிற்று. இந்த ஆறும் ஒரே பொருளின் ஆறு சாயல்கள் அல்ல; ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. திறமை எப்படி வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது, எந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது, எதைத் தாங்கி வந்திருக்கிறது என்ற கேள்விகள் தனித்தனியானவை. இவற்றில் ‘செய்து செய்து வந்தது’ என்பதைத் தன் உருவத்திலேயே வைத்திருக்கும் சொல் பிராக்டிஸ்ட் ஒன்றுதான். ஆனாலும், தமிழர் அதிகம் பயன்படுத்த விரும்பும் இடமாகிய தன்விவரக் குறிப்பில் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை.

குழப்பத்தின் ஒரு பாதி தமிழிலேயே இருக்கிறது என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ‘பழகிய கை’ என்றால் பயிற்சியால் தேர்ந்த கை. ‘பழகிய முகம்’ என்றால் ஏற்கெனவே தெரிந்த முகம். ‘குளிருக்குப் பழகியவர்’ என்றால் குளிரைப் பொறுத்துக்கொள்ள வந்துவிட்டவர். ஆங்கிலம் இவற்றுக்கு முறையே பிராக்டிஸ்ட், ஃபெமிலியர், யூஸ்ட் டு என்று மூன்று வழிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ‘பழகிய குரல்’ என்று எழுதிய தமிழ் எழுத்தாளர், பலமுறை கேட்ட குரலைச் சொன்னாரா, பேசிப் பேசித் தேர்ந்த குரலைச் சொன்னாரா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யாமல் ஆங்கிலத்தில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், திறமையின் மூலத்தைச் சொல் காட்டுகிறதா என்பது. மீண்டும் மீண்டும் செய்ததால் வந்த திறமையும், படித்து வந்த திறமையும், இயல்பிலேயே அமைந்த திறமையும் ஒன்றல்ல.

இரண்டாவது அளவுகோலைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. சொல் எந்தப் பெயர்ச்சொல்லின் மேல் உட்காரும் என்பதே அது. சில பெயரடைகள் மனிதர் மேல் மட்டுமே இயல்பாக அமரும். சில, கை, கண், அசைவு, புன்னகை ஆகியவற்றின் மேலும் அமரும்.

மூன்றாவது, வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் அதற்குப் பின் வரும் முன்னிடைச்சொல்லும். இன், அட் என்ற இரண்டில் எது வரும் என்பதில் தவறினால் சரியான சொல்லும் பிசகியதாகப் படும்.

நான்காவது, சொல்லின் நிழல். அதைப் படிப்பவர் மனத்தில் பாராட்டு எழுமா, ஐயம் எழுமா, வயதைப் பற்றிய எண்ணம் எழுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தாவது எழுத்துக்கூட்டல், இது சிறிய விஷயந்தான், ஆனால் பிராக்டிஸ்ட் என்ற சொல்லுக்கு மட்டும் சிறியதன்று.

| சொல் | எதைச் சொல்கிறது | எதன்மேல் அமரும் | பின்வரும் இடைச்சொல் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| பிராக்டிஸ்ட் | திரும்பச் செய்து வந்த திறமை | மனிதர், கை, கண், அசைவு, பேச்சு | இன், அட் | செயற்கை என்ற ஐயம், எழுத்துக்கூட்டல் |
| எக்ஸ்பீரியன்ஸ்ட் | செலவிட்ட காலம் | பெரும்பாலும் மனிதர் | இன் | தரத்தைப் பற்றி மௌனம் |
| ஸ்கில்ட் | கற்றுப் பெற்ற திறன் | மனிதர், கை, வேலை | இன், அட் | தொழிலாளர் வகைப்பாட்டின் வாடை |
| புரொஃபிஷியன்ட் | எட்டிய நிலை | மனிதர் | இன், அட் | இடத்துக்கு இடம் மாறும் அளவு |
| சீசன்ட் | தாங்கி வந்த சோதனைகள் | மனிதர், பெயருக்கு முன்னால் | பொதுவாக இல்லை | வயதின் குறிப்பு |
| அடெப்ட் | லாவகம் | மனிதர் | அட், இன் | மூலம் தெரிவதில்லை |

## பிராக்டிஸ்ட்

இந்தச் சொல் மிக அழகாகப் பொருந்துவது, வாசகர் கண்ணால் காணக்கூடிய ஒரு செயலின் மேல்தான். பிராக்டிஸ்ட் ஹேண்ட், பிராக்டிஸ்ட் ஐ, வித் பிராக்டிஸ்ட் ஈஸ் என்ற தொடர்கள் ஆங்கிலத்தில் ஊறிப்போனவை. ‘டு தி பிராக்டிஸ்ட் ஐ’ என்று தொடங்கும் வாக்கியம், தேர்ந்த கண்ணுக்கு மட்டும் புலப்படும் ஒன்றைச் சொல்லப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடும். சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம் என்று நம் பழமொழி கைக்கும் நாவுக்கும் தனித்தனியே பழக்கத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறதல்லவா? பிராக்டிஸ்ட் என்ற சொல்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. முழு மனிதரின் தகுதியைக் காட்டிலும், அவருடைய உறுப்பும் அசைவும் கற்றுக்கொண்டதை அது நன்றாகச் சொல்கிறது.

மனிதர் மேலும் அது அமரும். பிராக்டிஸ்ட் ஸ்பீக்கர் என்றால் மேடையேறி மேடையேறித் தேர்ந்த பேச்சாளர். பயனிலையாக வரும்போது இன், அட் என்ற இரண்டும் ஏற்புடையவை: ‘ஷி இஸ் பிராக்டிஸ்ட் இன் தி ஆர்ட் ஆஃப் நெகோஷியேஷன்’ என்று கலையின் பெயரைச் சொல்லும்போது இன் வருவது இயல்பு, ‘பிராக்டிஸ்ட் அட் கால்மிங் ஆங்ரி காலர்ஸ்’ என்று செயலைச் சொல்லும்போது அட் காதுக்கு ஒத்துவருகிறது. மிகுதி காட்ட மோர் பிராக்டிஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும். இதிலிருந்து வினையடை ஒன்றை உருவாக்க முயல்வதைவிட, வித் பிராக்டிஸ்ட் ஈஸ் என்ற ஆயத்தத் தொடரை எடுத்துக்கொள்வது நல்லது.

இனி மறைந்திருக்கும் விலைகளுக்கு வருகிறேன். முதலாவது விலையை நானே கொடுத்திருக்கிறேன். பணி ஓய்வு பெறும் ஒரு வரவேற்பாளருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதித் தரும்படி அவருடன் பணியாற்றியவர்கள் கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் வாசலில் அமர்ந்து, வந்தவர் ஒவ்வொருவரையும் மலர்ந்த முகத்துடன் வரவேற்றவர் அவர். நான் அந்தச் சிரிப்பை ‘ஹெர் பிராக்டிஸ்ட் ஸ்மைல்’ என்று எழுதினேன். ஆண்டுக்கணக்கில் கனிந்த சிரிப்பு என்பது என் எண்ணம். மடலை முன்கூட்டியே படித்த அவருடைய மகள், “அம்மா இத்தனை காலம் சிரித்தது நடிப்பு என்றா எழுதியிருக்கிறீர்கள்?” என்று என்னைக் கேட்டார். அவர் படித்தது சரி. ஆங்கிலத்தில் பிராக்டிஸ்ட் ஸ்மைல் என்றால், உள்ளே எதுவும் இல்லாதபோதும் முகத்தில் வரவழைக்கத் தெரிந்த சிரிப்பு. வார்ம் என்ற ஒரு எளிய சொல்லைப் போட்டு வரியை மாற்றிக் கொடுத்தேன். அந்த மகளின் முகத்தை நினைக்கும்போதெல்லாம், இந்தச் சொல்லை எங்கே வைக்கக்கூடாது என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்றிலிருந்து நான் ஒரு சோதனையைப் பின்பற்றுகிறேன். இந்தப் பெயர்ச்சொல், உழைத்துப் பெற்றது என்று தெரிந்தால் மதிப்பு ஏறுமா, இறங்குமா? கை, கண், வேகம், முடிச்சுப் போடும் லாவகம் ஆகியவை உழைப்பால் வந்தன என்றால் மதிப்பு ஏறுகிறது. சிரிப்பு, கண்ணீர், வருத்தம், மன்னிப்பு, பாராட்டு ஆகியவற்றுக்கு மதிப்பே அவை தானாக வந்தன என்பதில்தான் இருக்கிறது. அவற்றின் மேல் பிராக்டிஸ்ட் என்று எழுதிய உடனே அவை பொய்யாகிவிடுகின்றன. நடுவில் நிற்பவை சில உண்டு. பழகிய நிதானத்தைச் சொல்லும் பிராக்டிஸ்ட் காம் என்ற தொடர், விபத்துப் பிரிவு மருத்துவரைப் பற்றியதானால் பாராட்டு. தவறு செய்த நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளரைப் பற்றியதானால் குற்றச்சாட்டு. தமிழில் ‘கைதேர்ந்த’ என்ற சொல்லும் இதே இரட்டைத் தன்மை உடையது. கைதேர்ந்த சிற்பி என்கிறோம், கைதேர்ந்த ஏமாற்றுக்காரன் என்றும் சொல்கிறோம். பிராக்டிஸ்ட் லையர் என்ற ஆங்கிலத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்த் துணையை நான் கண்டதில்லை.

இரண்டாவது விலை எழுத்துக்கூட்டல். பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லாகிய பிராக்டிஸ் சி எழுத்துடனும், வினைச்சொல்லாகிய பிராக்டிஸ் எஸ் எழுத்துடனும் எழுதப்படும். பெயரடை வினையிலிருந்து பிறந்ததால் அதற்கும் எஸ். அமெரிக்க வழக்கில் பெயர், வினை, பெயரடை மூன்றுக்கும் சி எழுத்தே. ஒலியில் வேறுபாடு இல்லாததால் காது உதவாது. ஆனால் அட்வைஸ் என்ற சொல் உதவும், ஏனெனில் அதில் பெயருக்கும் வினைக்கும் கடைசி ஒலி மாறுகிறது. அதன் பெயர்ச்சொல்லில் சி, வினைச்சொல்லில் எஸ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பிரிட்டிஷ் முறை கைக்கு வந்துவிடும். எந்த முறையைத் தேர்ந்தாலும் அதை ஆவணம் முழுவதும் காக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எஸ், மறு பக்கத்தில் சி என்று வருவது, திறமையைப் பற்றி எழுதிய பத்தியிலேயே கவனக்குறைவைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, உறவுச் சொற்களோடு ஏற்படும் மயக்கம். பிராக்டிஸிங் லாயர் என்றால் இப்போது தொழில் நடத்திவரும் வழக்கறிஞர். பிராக்டிஸ்ட் லாயர் என்று யாரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை. ‘ஹி பிராக்டிஸ்ட் லா ஃபார் டென் இயர்ஸ்’ என்பதில் அதே உருவம் இறந்தகால வினையாக நிற்கிறது. தொழில் செய்தார் என்பதே பொருள், தேர்ந்தார் என்பது அன்று. தொடர்பு விட்டுக் கை தளர்ந்துபோனதைச் சொல்ல அவுட் ஆஃப் பிராக்டிஸ் என்ற தொடர் உண்டு. இன்னும் பழகாத கையைச் சொல்ல அன்பிராக்டிஸ்ட் என்ற எதிர்ச்சொல்லும் இருக்கிறது.

## எக்ஸ்பீரியன்ஸ்ட்

முயன்று பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. எக்ஸ்பெரிமென்ட், எக்ஸ்பர்ட் ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவை. இன்றைய பயன்பாட்டில் இது காலத்தையும் சூழல்களையும் கணக்கெடுக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ்ட் நர்ஸ் என்று எழுதினால், பல ஆண்டுகள் பணியில் இருந்தவர், பலவகை நோயாளிகளைப் பார்த்தவர் என்பது தெரிகிறது. அவர் ஊசி போட்டால் வலிக்குமா என்பது தெரிவதில்லை.

இந்த மௌனம் பெரியது. 1993ஆம் ஆண்டு உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர் இருவரும், பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், வெறுமனே ஒன்றைச் செய்துகொண்டிருப்பதையும், குறையைத் திருத்தும் நோக்கத்தோடு திட்டமிட்டுப் பயிற்சி செய்வதையும் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பிரிவினையைச் சொற்களின் மேல் பொருத்திப் பார்த்தால், எக்ஸ்பீரியன்ஸ்ட் முதலாவதைச் சொல்கிறது. இரண்டாவதைப் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை.

அந்த மௌனமே சில இடங்களில் இதன் பலமாகவும் ஆகிறது. இதில் மிகைப்படுத்தல் இல்லை, தற்பெருமை இல்லை, செயற்கை என்ற ஐயமும் எழாது. தன்னைப் பற்றித் தானே எழுதும்போது, ‘நான் பத்து ஆண்டுகள் செய்திருக்கிறேன்’ என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. ‘நான் தேர்ந்தவன்’ என்பது கருத்து. ஆகவே தன்விவரக் குறிப்பில் எக்ஸ்பீரியன்ஸ்ட் இன் என்று தொடங்கித் துறையின் பெயரைச் சொல்வது நாகரிகமான வழி. கை, கண் ஆகியவற்றின் மேல் இதை வைக்கும்போது சற்றுக் கனமாகிவிடுகிறது. எக்ஸ்பீரியன்ஸ்ட் ஐ என்று எழுதலாம், எக்ஸ்பீரியன்ஸ்ட் ஸ்மைல் என்று எழுதினால் வாசகர் திகைப்பார். இறந்தகால வினையாகவும் இதே உருவம் வரும் என்பதால், எக்ஸ்பீரியன்ஸ்ட் டிலேஸ் போன்ற தொடரில் அது ‘தாமதத்தைச் சந்தித்தார்’ என்றே பொருள் தரும்.

## ஸ்கில்ட்

பகுத்தறிதல், வேறுபாடு காணுதல் என்ற பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து ஸ்கில் வந்தது. பகுத்தறியும் திறன் என்ற அந்தத் தொடக்கம் இன்னும் அதில் மங்கலாக நிற்கிறது. ஸ்கில்ட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்து, அதைச் செய்யவும் கற்றவர். திரும்பத் திரும்பச் செய்தது அதில் அடங்கியிருக்கலாம், ஆனால் சொல் அதை வலியுறுத்துவதில்லை.

இதன் உடன்பிறப்பாகிய ஸ்கில்ஃபுல் என்பதோடு வேறுபாட்டைக் காண்பது பயன் தரும். ஸ்கில்ட் சர்ஜன் என்பது அறுவை மருத்துவரின் நிலையான தகுதி; ஸ்கில்ஃபுல் சர்ஜரி என்பது அன்று நடந்த அந்த ஒரு அறுவையின் நேர்த்தி. ஸ்கில்ட் ஒர்க் என்றால் பயிற்சி இல்லாதவர் செய்ய முடியாத வேலை என்று பொருளே தவிர, நன்றாகச் செய்யப்பட்ட வேலை என்று பொருளல்ல. இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். எழுத்துக்கூட்டலில் ஸ்கில்ட் இரு வழக்குகளிலும் மாறாது. ஸ்கில்ஃபுல் என்பதன் நடுவே பிரிட்டிஷ் வழக்கில் ஒரு எல், அமெரிக்க வழக்கில் இரண்டு.

மறைந்த விலை, தொழிலாளரை அன்ஸ்கில்ட், செமி ஸ்கில்ட், ஸ்கில்ட் என்று பிரிக்கும் நிர்வாகப் பழக்கத்தின் வாடை. வேலைவாய்ப்பு, குடியேற்றம், கூலி நிர்ணயம் தொடர்பான ஆவணங்களில் இது வரையறுக்கப்பட்ட சொல்லாக வருவதால், அங்கே இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, அலங்காரத்துக்காக வேறு சொல்லுக்கு மாற்றவும் கூடாது. பொது எழுத்தில் ஐயமின்றித் திறமையை மட்டும் சொல்ல வேண்டுமானால், ஆறில் மிகவும் பாதுகாப்பானது இதுவே.

## புரொஃபிஷியன்ட்

முன்னேறுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையின் பிள்ளை இது. வழியில் எங்கோ ஒரு மைல்கல்லை எட்டிவிட்டார் என்ற உணர்வு இதில் இருப்பதால், மொழி, மென்பொருள், கருவி போன்று படிநிலைகளாக அளக்கக்கூடியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. புரொஃபிஷியன்ட் இன் ஃபிரெஞ்ச் என்பது இயல்பான தொடர். பிராக்டிஸ்ட் இன் ஃபிரெஞ்ச் என்று எழுதினால் விளங்காமல் போகாது, ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை.

சிக்கல், அந்த மைல்கல் ஒரே இடத்தில் நடப்படவில்லை என்பதில் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. அவற்றில் மேலிருக்கும் சி1, சி2 படிகளில் உள்ளவருக்கே புரொஃபிஷியன்ட் யூசர் என்ற பெயர். ஸ்டூவர்ட் ட்ரேஃபஸ், ஹியூபர்ட் ட்ரேஃபஸ் என்ற சகோதரர்கள் 1980ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முன்வைத்துப் பின்னர் செம்மைப்படுத்திய திறன் வளர்ச்சி வரிசையிலோ, நாவிஸ், அட்வான்ஸ்ட் பிகினர், காம்பிடென்ட், புரொஃபிஷியன்ட், எக்ஸ்பர்ட் என்று இது ஐந்தில் நான்காவதாக நிற்கிறது. 1984இல் செவிலியத் துறை அறிஞர் பேட்ரிஷியா பென்னர் அந்த வரிசையைச் செவிலியர் பணிக்குப் பொருத்திக் காட்டியதால், செவிலியம் படித்தவர் கண்ணில் புரொஃபிஷியன்ட் நர்ஸ் என்பது மிக உயர்ந்த பாராட்டு ஆகாது. இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. அலுவலகத் தன்விவரக் குறிப்புகளிலோ, விரிதாளில் கூட்டல் கழித்தல் தெரிந்தவரும் இதே சொல்லைப் போட்டுக்கொள்கிறார். ஆகவே எந்த அளவுகோலில் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் மட்டுமே இந்தச் சொல்லுக்கு முழு எடை கிடைக்கும்.

## சீசன்ட்

ஈர மரத்தை வெட்டிய கையோடு பலகையாக்கினால் அது பின்னர் காய்ந்து வளையும், பிளக்கும். காற்றில் அடுக்கி வைத்து, ஈரம் வடிய விட்டு, அதன் பிறகு இழைத்த மரம் நிலைத்து நிற்கும். அந்தப் பதப்படுத்தலுக்கு ஆங்கிலத்தில் சீசனிங் என்று பெயர். மனிதரைச் சீசன்ட் என்று சொல்லும்போது, வெயிலும் காற்றும் பட்டு, இனி எளிதில் வளையமாட்டார் என்ற படிமமே பின்னால் நிற்கிறது. சீசன்ட் டிராவலர், சீசன்ட் பாலிட்டீஷியன், சீசன்ட் கேம்பெய்னர் என்ற தொடர்களில் பயிற்சியைவிடச் சோதனைகளைத் தாங்கிய முதிர்ச்சியே மேலோங்குகிறது.

புது இரும்புச் சட்டியை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பதப்படுத்துவதைத் தமிழில் ‘பழக்குவது’ என்கிறோம். ஆங்கிலத்தில் அதுவும் சீசனிங்தான். இந்த ஒற்றுமையால் ஏமாந்து, பழகிய கையைச் சீசன்ட் ஹேண்ட் என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தியிருக்கிறேன். ஆங்கில வாசகருக்கு அது மசாலா தடவிய கையாகப் படக்கூடும். இந்தச் சொல்லைத் தொழிலும் பொறுப்பும் உள்ள மனிதருக்கு, பெயருக்கு முன்னால் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வயது கூடியவர் என்ற குறிப்பையும் அது தருவதால், இளம் வயதில் தேர்ந்தவருக்கு இது பொருந்தாது. ஆள் தேடும் விளம்பரத்தில் போட்டால், இளையோர் தமக்கல்ல என்று விலகிப்போகக்கூடும்.

## அடெப்ட்

எட்டிவிட்டவர் என்ற பொருளுடைய லத்தீன் சொல் இது. உலோகத்தைப் பொன்னாக்கும் மறையை எட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட இரசவாதிகளைக் குறிக்க ஒரு காலத்தில் வழங்கியது. அந்த மறைபொருள் வாசனை இன்னும் கொஞ்சம் இருப்பதால், திறமை எங்கிருந்து வந்தது என்பதை இந்தச் சொல் திறந்து காட்டுவதில்லை. இயல்பாக அமைந்த லாவகமா, பயின்று வந்ததா என்று தெரியாதபோது அல்லது தெரிய வேண்டாதபோது இது நல்ல சொல். பெரும்பாலும் அடெப்ட் அட் என்று வந்து, தொடர்ந்து செயலின் பெயர் வரும். தட்டச்சில் ஓர் உயிரெழுத்து மாறினால் அடாப்ட் என்று தமிழில் எழுதும் இரண்டு வினைச்சொற்களில் (தகவமைத்தல், தத்தெடுத்தல்) ஏதோ ஒன்றாகிவிடும் என்பதால், பிழைதிருத்தி மென்பொருளை நம்பி விட்டுவிடக் கூடாது. மூன்றுமே சரியான சொற்கள் ஆகையால் அது வாய் திறக்காமல் இருந்துவிடலாம்.

இவற்றுக்கு அப்பால் அக்காம்ப்ளிஷ்ட், வெல் வெர்ஸ்ட் என்று இன்னும் இரண்டை வாசகர்கள் குறிப்பிடுவதுண்டு. முன்னது சாதித்து முடித்த கலைஞருக்கு உரியது. பின்னது அறிவைப் பற்றியது, கையைப் பற்றியதே அன்று.

## எந்த இடத்தில் எதை எடுப்பது

தன்விவரக் குறிப்பில் பிராக்டிஸ்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தன்னைத் தானே பிராக்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும்போது, ஒத்திகை பார்த்துவந்த பதில் என்ற நிழல் விழுகிறது. காலத்தைச் சொல்ல எக்ஸ்பீரியன்ஸ்ட், அளக்கக்கூடிய நிலையைச் சொல்ல புரொஃபிஷியன்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றைவிடவும் வலுவானது பெயரடையே இல்லாத வாக்கியம்: எத்தனை கணக்குகளை முடித்தீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று வினைச்சொல்லையும் எண்ணையும் மட்டும் வைத்து எழுதினால், தேர்வாளர் தமக்கு வேண்டிய பெயரடையைத் தாமே போட்டுக்கொள்வார்.

பரிந்துரைக் கடிதத்தில் நிலைமை மாறுகிறது, ஏனெனில் அங்கே எழுதுபவர் ஒரு சாட்சி. ஆய்வகத்தில் மாணவியின் கை எப்படி இயங்கியது என்று நேரில் கண்ட ஆசிரியர், ‘ஷி ஹேண்டில்ஸ் தி பிப்பெட் வித் பிராக்டிஸ்ட் ஈஸ்’ என்று எழுதினால், அது ‘ஷி இஸ் ஹைலி ஸ்கில்ட்’ என்பதைவிட நம்பத்தக்கது. கண்டவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. அதே கடிதத்தில் மாணவியின் பணிவையோ அக்கறையையோ சொல்ல வரும்போது இந்தச் சொல்லை அருகில் வரவிடக் கூடாது.

அறிக்கை, வழிகாட்டி, ஒப்பந்தம் ஆகியவற்றில் ஸ்கில்ட் அல்லது எக்ஸ்பீரியன்ஸ்ட் போதும். வரையறை ஏற்கெனவே இருந்தால் அதை மாற்றாமல் எடுத்தாள வேண்டும்.

கதையிலும் மொழிபெயர்ப்பிலும்தான் பிராக்டிஸ்ட் தன் முழு உயரத்துக்கு நிற்கிறது. இருந்தாலும் ஒரு பக்கத்தில் ஒரு முறைக்கு மேல் அது தாங்காது என்பதையும், மூலத்தில் ‘பழகிய’ என்ற ஒவ்வோர் இடத்துக்கும் அதையே போட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில இடங்களில் காட்சியே அந்தச் சொல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. தொடக்கத்தில் சொன்ன செவிலியரை நான் ஆங்கிலத்தில் எழுதியபோது, முதல் படியில் ‘ஹெர் பிராக்டிஸ்ட் ஃபிங்கர்ஸ் ஃபவுண்ட் தி வெய்ன்’ என்று இருந்தது. இலக்கணத்தில் குறையில்லை, பொருளிலும் குறையில்லை. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது, தட்டும் விரல்களும், தடவலும், மூன்றாவது தடவலில் நின்ற விரலும் முந்தைய வரியிலேயே இருப்பதைக் கண்டு பெயரடையை எடுத்துவிட்டேன். ‘ஹெர் ஃபிங்கர்ஸ் ஃபவுண்ட் தி வெய்ன்’ என்று மட்டும் அந்த வரி இப்போது நிற்கிறது.